கெட மறுத்த தக்காளித் தொக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக்காரர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

சமையலறையில் நான் நின்ற கோலம் அப்படி. இடது கையில் மூடி திறந்த தக்காளித் தொக்கு பாட்டில். வலது கையில், குழாயில் அப்போதுதான் நனைத்த ஸ்பூன். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தொக்குக்குள் விட்டு, நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

தொக்கில் ஈர ஸ்பூன்! எந்த வீட்டிலாவது பொறுப்பார்களா? கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் எனக்குப் போட்ட முதல் சட்டமே அதுதான். பால் பொங்கி வழிந்தால்கூட மன்னித்துவிடுவார்... ஊறுகாயில் ஈரக் கை பட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

"என்ன பண்றே?" என்றார் வீட்டுக்காரர்.

"கெட வைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். எப்போது கேள்வி கேட்கக் கூடாது என்பது பழகிய புருஷன்களுக்குத் தெரியும்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறேன்? கேளுங்கள்.

அந்தத் தொக்கு ஜெயந்தி போட்டது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடப் போய், வேன் வரும்வரை நின்று பேசியதில் ஆரம்பித்த சிநேகம். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். வேன்காரர் வேனை விற்றுவிட்டார். எங்கள் பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை.

வியாழக்கிழமை தோறும் தக்காளித் தொக்கு போடுவாள். அவள் வீட்டுக்காரருக்கு பி.பி. – அதனால் எண்ணெய் கம்மி, உப்பு கம்மி. அப்படிப் போட்ட தொக்கு எத்தனை நாள் தாங்கும்? ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம். அடுத்த வியாழன் தாண்டினால் ஒரு மாதிரி வாசனை வந்துவிடும். ஆகவே வாராவாரம் புதிதாகப் போட்டாக வேண்டும். வாராவாரம் எனக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

இதற்கென்று ஜோடியாக இரண்டு எவர்சில்வர் டப்பா. அவள் கல்யாணத்துக்கு வந்தவை. மூடியில் அவள் பேர் வெட்டியிருக்கும். தொக்கோடு ஒன்று வரும்; போன வாரத்து டப்பா திரும்பிப் போகும். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம் அல்லவா? சமையலில் நான் கொஞ்சம் சுமார். அதனால் என் பங்குக்கு ஒரு பிடி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ வைப்பேன். ஒருமுறை அவசரத்துக்குக் கடையில் வாங்கிய பிஸ்கட்டை அடுக்கிக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மழைக்காலம் முழுக்கச் சிரித்தாள்.

எப்போதும் அவள்தான் வருவாள். என் முட்டியின் கதை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கேட் சத்தம் கேட்கும். காபி கலப்பேன். பேசுவோம். என்ன பேசுவோம்? தண்ணி லாரி வரவில்லை. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நகர முடியவில்லை. அவள் நாத்தனார் பேசிய பேச்சு. என் நாத்தனார் பேசாமல் இருக்கிற காரணம். ஒன்றுமே இல்லை... ஆனால் அந்த ஒன்றுமில்லாததைப் பேசி முடித்தால்தான் எனக்கு அந்த வாரம் ஓடும்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாம், ஜூஸ் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் எனக்கும் காலங்காலமாக ஒரே சண்டைதான் – பிரிசர்வேட்டிவ்.

கடையில் வாங்கிய பிரெட்டை டைனிங் டேபிளில் மறந்து வைத்துவிட்டுப் பாருங்கள். ஞாபகம் வந்து பிரிக்கும்போதும் மெத்தென்று இருக்கும். எனக்கு அதைத் தொடவே பயம். எறும்பு சீந்தாத ஜாம், ஈ திரும்பிப் பார்க்காத ஸ்வீட்... எறும்பே வேண்டாம் என்று சொன்னதை எனக்கு எதற்குக் கொடுக்கிறார்கள்? பாத்ரூமுக்குப் போனால் ஷாம்பு, பேஸ்ட், முகத்தில் தடவும் க்ரீம். எதைத் திருப்பிப் படித்தாலும் வாயில் நுழையாத பேர்கள்.

தண்ணீர் கலந்த எதுவும் கெடும், அதைத் தடுக்க ஒன்றைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும், அளவோடு சேர்த்தால் பயமில்லை என்பது அவர் கட்சி. உப்பு, எண்ணெய், புளிகூட பிரிசர்வேட்டிவ்தானே என்று மடக்குவார். இருக்கட்டும். உப்பும் புளியும் நாக்குக்குத் தெரிகிறது. அளவு மீறினால் நாமே தட்டைத் தள்ளிவிடுவோம். நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போகிற ஆசாமிகளோடுதான் எனக்கு வழக்கு. பல் தேய்ப்பதிலிருந்து படுக்கும்வரை ஒவ்வொன்றிலும் 'அளவோடு' போட்டால், எல்லா அளவையும் கூட்டிப் பார்ப்பது யார்? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டு லேப் இன்னும் ரிப்போர்ட் கொடுக்கவில்லை.

சரி, ஜெயந்திக்கு வருவோம்.

அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மகன் லோன் போட்டுக் குன்றத்தூர் பக்கம் ஃப்ளாட் வாங்கியிருந்தான். வாடகை மிச்சம் என்று எல்லோரும் அங்கே குடிபோனார்கள். சாமான் லாரியில் ஏறும்வரை நாங்கள் இரண்டு பேரும் சாதாரணமாகத்தான் இருந்தோம். இதோ இருக்கிற குன்றத்தூர்தானே, என்ன அமெரிக்காவா என்று நான்தான் சொன்னேன். அமெரிக்காவில் இருக்கிற என் மகளை வாராவாரம் வீடியோவில் பார்க்கிறேன். குன்றத்தூரில் இருக்கிறவளைப் பார்க்கத்தான் வழியில்லாமல் போயிற்று. ஷேர் ஆட்டோ, ரயில், பஸ் என்று மாறி மாறிப் போக வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

குடும்பத்துக்கு ஆகட்டும் என்று ஜெயந்தி தொக்கு விற்க ஆரம்பித்தாள். அங்கே ஐ.டி. பிள்ளைகள் வாங்கும் ஒரு கடையில் கேட்டாள். பிரவுன் பேப்பர் லேபிள், மூடிக்கு மேலே சணல் கயிறு எல்லாம் கட்டி வைத்திருக்கும் கடை. கடைக்காரர் இரண்டே இரண்டு கண்டிஷன்தான் போட்டாராம். 'நோ பிரிசர்வேட்டிவ்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஆறு மாதம் கெடாமலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பாட்டிலில் எப்படி முடியும் என்று கேட்டதற்கு, ஸ்டிக்கர் ஒட்டினால் முடியும் என்றாராம். ஜெயந்தி எழுந்து வந்துவிட்டாள்.

பக்கத்து மளிகைக் கடைகளில் போட்டாள். மழைக்காலம் வந்தது. பாட்டில்கள் பூசணம் பூத்துத் திரும்பி வந்தன. போனில் அவள் குரல் உடைந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கினார். சோடியம் பென்சோயேட் என்கிற பிரிசர்வேட்டிவ் எவ்வளவு, எப்போது, எப்படிக் கரைத்துச் சேர்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சேர்த்திருக்கிறோம் என்பதை லேபிளில் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். அவளும் அப்படியே போட்டாள். அதன் பிறகு வியாபாரம் நிமிர்ந்தது. எனக்குச் சந்தோஷம்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

முதல் பாட்டிலை எனக்குத்தான் அனுப்பினாள். கூரியரில்.

பிரித்துப் பார்த்தேன். அழகான லேபிள், குன்றத்தூர் முருகன் மலை படம்கூடப் போட்டிருந்தாள். கீழே பொடி எழுத்தில், ஆறு மாதம் வரை கெடாது என்று இருந்தது. எனக்கு அது எப்படிப் பட்டது தெரியுமா? ஆறு மாதம் வரை வரவேண்டியதில்லை என்று பட்டது. திருப்பிக் கொடுக்க டப்பா இல்லை. டப்பாவில் வைக்க வாழைப்பழம் இல்லை. தொக்கு தீர்ந்தால் பாட்டிலைக் கழுவி துவரம்பருப்பு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

போன் பேசவில்லையா என்று கேட்பீர்கள். பேசினோம். பாட்டில் வந்ததா, வந்தது, நன்றாக இருக்கிறதா, இருக்கிறது. குக்கர் வைத்திருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன். போனில் ஒன்றுமில்லாததைப் பேச முடியவில்லை. விஷயம் இருந்தால்தான் போன். எங்களுக்குள் விஷயம் என்று எப்போது இருந்தது?

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெயந்தியைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். மகளை நினைத்து ஏங்கினால் ஊரே 'பாவம்' என்று சொல்லும். பேரனை நினைத்து ஏங்கினால் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும். தலை நரைத்த ஒருத்தி, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிநேகிதியை நினைத்து ஏங்குகிறாள் என்றால்... என்னவென்று சொல்வது? அதற்கு நம்மிடம் ஒரு வார்த்தையே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கை தன்பாட்டுக்கு இரண்டு காபி கலந்துவிடும். சாயங்காலம் காபி குடித்தால் தூக்கம் வராது என்கிற என் வீட்டுக்காரர், அந்த இரண்டாவது காபியைக் குடித்துவிடுவார்.

இப்போது புரிகிறதா, அந்த ஈர ஸ்பூன்?

தொக்கு கெட்டால் எனக்கு ஒரு காரணம் கிடைக்கும். 'கெட்டுப்போச்சு, வேற கொண்டா' என்று உரிமையாகக் கேட்கலாம். பொய் சொல்லிவிட்டுப் போவதுதானே என்பீர்கள். சொல்ல முடியாது. கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தடவை போட்ட பாட்டில் அத்தனையையும் கடைகளிலிருந்து வாங்கிக் கொட்டிவிடுவாள். அவள் பிழைப்பு அது. அதனால் நிஜமாகவே கெட வேண்டும். என் பாட்டில் மட்டும் கெட வேண்டும். ஈரக் கை பட்டுவிட்டது என்று பழியை நானே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பாடுபட்டேன் என்கிறீர்கள்! மூடியைத் திறந்தே வைத்தேன். ஃப்ரிட்ஜின் தலைமேல், சூடு அடிக்கிற இடத்தில் வைத்தேன். தயிர்சாதம் சாப்பிட்ட ஸ்பூனையே விட்டுப் பார்த்தேன். என் மாமியார் மட்டும் இருந்திருந்தால் என்னை வீட்டை விட்டே அனுப்பியிருப்பார். தொக்கு அசைந்து கொடுக்கவில்லை. அதே சிவப்பு. அதே பளபளப்பு. தினமும் காலையில் எழுந்ததும் ஒரு வெள்ளைப் புள்ளியாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ம்ஹூம். ஒரு கட்டத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது – தொக்கின் மேல்!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் பாட்டிலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வேலைக்குப் போன காலத்தில் பார்ப்பது போலவே பார்த்தார்.

"இது கெடாது. கணக்கு நான் போட்டது" என்றார். பாட்டிலை மூடி வைத்துவிட்டு, "வியாழக்கிழமை போய்ட்டு வாயேன். முட்டிக்கு பெல்ட் போட்டுக்கோ" என்றார்.

போகலாம். ஆனால் எதை எடுத்துக்கொண்டு போவது? என்னிடம் அவள் டப்பா ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. லாரி கிளம்பிய அவசரத்தில் கொடுக்க மறந்த டப்பா. ஜோடியில் ஒன்று. அதை வெறுமையாகக் கொடுக்க முடியுமா? அன்றைக்கு வீட்டில் வாழைப்பழமும் இல்லை. எனக்கு ஓரளவு ஒழுங்காக வருவது தேங்காய்ச் சட்னி ஒன்றுதான். அரைத்தேன்.

கத்திரி வெயிலில் தேங்காய்ச் சட்னியோடு குன்றத்தூருக்குக் கிளம்பியவள் இந்தப் புறநகரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டப்பாவை ஈரத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா மேடம், கைக்கொயந்த மாறி வச்சினுகீறீங்க?"

சட்னி, கெட்டுவிடும் என்றேன். எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டார். சொன்னேன்.

"குன்றத்தூரா? அது பல்லாவரம் தாண்டாது மேடம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தாம்பரத்தில் ரயில் ஏறும்போது மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். நல்ல வாசனை. பல்லாவரத்தில் இறங்கிப் பார்த்தேன். பரவாயில்லை. பஸ் பம்மலைத் தாண்டி, அனகாபுத்தூரில் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஒரு தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட் அம்மாள் நான் டப்பாவை மோந்து மோந்து பார்ப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சிட்டிகை பென்சோயேட்டுக்கு மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜெயந்தி கதவைத் திறந்தாள். கையெல்லாம் மிளகாய்ப்பொடி. உள்ளே கூடம் முழுக்கக் காலி பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. என்னைப் பார்த்தாள், என் முட்டியைப் பார்த்தாள்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு இவ்ளோ தூரம் எதுக்கு வந்தே?"

"டப்பா குடுக்க" என்றேன்.

அவள் டப்பாவை வாங்கித் திறந்தாள். விரலால் தொட்டு வாயில் வைத்தாள்.

"புளி போட்டியா?"

"இல்ல. பஸ்ல வந்தது."

சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு... அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சிரித்துக்கொண்டே மூன்று இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் புளித்த சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டாள்.

தாகத்துக்குத் தண்ணீர் எடுக்க நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நடுத்தட்டில், மூடியில் பேர் வெட்டிய இன்னொரு டப்பா இருந்தது. ஜோடியில் மற்றது. கை நீண்டுவிட்டது.

"அதைத் தொடாதே" என்றாள் அவசரமாக. அதற்குள் திறந்துவிட்டேன். தொக்கு. மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

"கொட்டணும்னு வெச்சிருக்கேன்" என்றாள். அப்புறம், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மருந்து சேர்க்கறதுக்கு முன்னாடி உன் பங்கைத் தனியா எடுத்து வெச்சிடறேன். வேணும்னு செய்யறதில்ல... கை எடுத்துடுது. லேபிளைக் காட்டத்தான் அந்த பாட்டிலை அனுப்பினேன். சாப்பிட உனக்கு எப்படி மருந்து போட்டதைக் குடுக்கறது? அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் வெச்சிருந்து பார்ப்பேன். அப்புறம் கொட்டிடுவேன்."

"வாராவாரமா?"

"வாராவாரம்தான்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா இந்தக் காலைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பே. இப்ப நிக்கறே பாரு, அந்த மாதிரி."

ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடியே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. இங்கே நான் கெடாத ஒன்றைக் கெட வைக்க மல்லாடிக்கொண்டிருந்தேன். அங்கே எனக்காக எடுத்து வைத்தது வாராவாரம் கெட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே வியாழக்கிழமைக்குத்தான் காத்திருந்திருக்கிறோம்.

அப்புறம் காபி குடித்தோம். பால்கனியில் உட்கார்ந்தோம். முருகன் கோயில் குன்று தெரிந்தது. என்ன பேசினோம்? அவள் நாத்தனார். என் நாத்தனார். அனகாபுத்தூர் தண்ணி லாரி. ஒன்றுமே இல்லை.

பிரிசர்வேட்டிவ் இல்லாத பொருள் வாங்கச் சொல்லி எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். உடம்புக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, குழந்தைகளுக்கு நல்லது. எல்லாம் சரி. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று பாக்கி இருக்கிறது. கெடப்போகிற பண்டம் அலமாரியில் பொறுமையாகக் காத்திருக்காது. அதைக் கொடுக்கிறவளும் வந்தாக வேண்டும், வாங்கிக்கொள்கிறவளும் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆறு மாதம் தாங்குகிற பாட்டில் நல்ல பாட்டில்தான். ஜெயந்தி வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆனால் எனக்கு ஒரு வாரத்தில் கெடுகிற தொக்குதான் வேண்டும்.

இனி வாராவாரம் பார்த்துக்கொள்வோம் என்று சத்தியமெல்லாம் செய்யவில்லை. என் முட்டி ஒத்துக்கொள்ளாது. அவள் ஆர்டரும் விடாது. ஆனால் கிளம்பும்போது அவள் அடுப்பிலிருந்த தொக்கில், மருந்து சேர்ப்பதற்கு முன்னால், ஆவி பறக்க டப்பா நிறைய எடுத்துக் கொடுத்தாள். டப்பா மறுபடியும் என்னிடம் வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அங்கே தொக்கு எப்படி இருந்தது என்று கேட்டார்.

"அருமையா கெட்டுப்போயிருந்தது" என்றேன்.